கை வரேல்லை

1

அன்றைக்கு எங்கள் குசினியில் இருந்தவர்கள்:

நான்.

என் மனைவி மேரி.

மகள் ஜெனி. பல்கலைக்கழகத்தில் உடலியல் படிக்கிறாள். சனி, ஞாயிறில் வீட்டுக்கு வருவாள்.

அண்ணன் சவிரி, சுவரில், கண்ணாடி போட்ட படத்தில்.

அண்ணனின் மனைவி திரேசா மச்சாள், கசெட்டில். ஆள் திருகோணமலையில். குரல் மட்டும் இங்கே.

அது அண்ணன் கடலில் மூழ்கிப்போன நாள். பதினைந்து வருஷமாகிறது. இந்த நாளில் காலையில் பூசைக்குப் போவோம். மத்தியானம் மீன் பொரிப்போம். அவருக்குப் பொரித்த மீன்தான் விருப்பம். சவுதாம்ப்டனில் பாரை மீன் இல்லை. கிடைத்ததைப் பொரிக்கிறோம். அவர் குறை சொல்லப் போவதில்லை.

மச்சாளுக்கு எழுத வராது. நான் ஐந்தாம் வகுப்பு. அதனால் கசெட்டில் கதைத்து அனுப்புவோம். (இதை நான் எழுதினேன். பிழை பார்த்தது மேரி. அவள் கொன்வென்ரில் படித்தவள்.) மச்சாளின் கசெட்டில் எப்போதும் பின்னால் கோழி கத்தும். மச்சாள் கோழியைவிடப் பெரிதாகக் கதைப்பார்.

"பெரியம்மா ஏன் சண்டை பிடிக்கிறா?" என்று ஜெனி கேட்டாள்.

"சண்டை இல்லை. சுகம் விசாரிக்கிறா" என்றேன்.

மழை தூறியது. மேரி பின்வளவுக்குத் துணி எடுக்க ஓடினாள். நான் கசெட் பெட்டியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு நின்றேன். ஜெனி அடுப்படியில் நின்றாள். எண்ணெய் புகைந்தது. பிறகு ஒரேயடியாகப் பற்றியது. நெருப்பு மேலே அலுமாரி வரைக்கும் எழும்பியது.

சட்டியின் மூடி ஜெனியின் கையில் இருந்தது. மூடினால் முடிந்தது.

"மூடு பிள்ளை!"

அவள் அசையவில்லை. கண் திறந்திருந்தது. நெருப்பைத்தான் பார்த்தாள். மூடியை வாங்கப் பார்த்தேன். விடவில்லை. ஒரு காலத்தில் கப்பல் குசினியில் வேலை செய்தவன் நான். துவாயை நனைத்துப் பிழிந்து சட்டிமேல் போட்டேன். அடுப்பை நிறுத்தினேன். அணைந்தது.

அதற்குப் பிறகும் அவள் அப்படியே நின்றாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மூடியை எடுத்தேன். விரல்கள் குளிர்ந்து கிடந்தன.

இவ்வளவுக்கும் கசெட் நிற்கவில்லை. மச்சாள் சொல்லிக்கொண்டே இருந்தார்:

"...அந்த மீராசா வந்தவன். கேற்றடியில நிண்டவன். மக்காவுக்குப் போறானாம். போக முன்னம் எல்லாரிட்டையும் பிழை பொறுக்கச் சொல்லிக் கேக்கோணுமாம், அது அவையின்ர வழக்கமாம். நான் கதவு திறக்கேல்லை. பிறகும் வந்தவன். பிறகும் திறக்கேல்லை. நான் பொறுத்தன் எண்டு சொல்லாட்டில் போகமாட்டானாம். போகாம இருக்கட்டும்."

மேரி துணியோடு உள்ளே வந்தாள். கரி பிடித்த சுவரைப் பார்த்தாள்.

"நல்லது. நான் அஞ்சு நிமிசம் வெளிய போகக்கூடாது. அப்பனும் மகளும் வீட்டை எரிச்சுப்போடுவியள்."

 ஜெனியைக் கதிரையில் இருத்தினேன்.

"ஏன் பிள்ளை மூடேல்லை?"

"கை வரேல்லை, அப்பா."

அந்தச் சொல்லை நான் முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

2

எங்கள் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சாமானைத் தட்டையான பெரிய வள்ளத்தில் ஏற்றிக் கப்பலடிக்குக் கொண்டுபோவோம். அதை வத்தை என்போம். எங்கள் வத்தையின் தண்டல் மீராசா நானா. மூதூர் முஸ்லிம் ஆள்; அவர்கள் அண்ணனை நானா என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். தண்டல் என்றால் வத்தைக்குத் தலைவன். அண்ணனும் நானும் அவருக்குக் கீழே பெட்டி ஏற்றினோம். தேயிலைப் பெட்டி.

மூவரும் நல்ல ஒட்டு. பெருநாளுக்கு அவர் வீட்டு வட்டிலப்பம் எங்கள் வீட்டுக்கு வரும். யேசு பிறந்த நத்தாருக்கு எங்கள் பலகாரம் அங்கே போகும். வேலை நேரத்தில் அவரும் அண்ணனும் வாய் ஓயமாட்டார்கள்.

"சவிரி, நீ வேதக்காரன், உனக்கு ஞாயிறு. நான் சோனகன், எனக்கு வெள்ளி. நடுவில இந்தச் சனி ஆருக்குடா?"

"சனி உங்கட பொஞ்சாதிக்கு நானா. அண்டைக்காவது உங்களைப் பாக்காம இருக்கட்டும்."

அன்றைக்குக் காற்று இருந்தது. வத்தை கப்பலோடு உரசிக்கொண்டு நின்றது. பெட்டி தூக்க மேலேயிருந்து இறங்கிய தூக்குவலை காற்றில் ஆடி அண்ணனின் தலையில் அடித்தது. அவர் வத்தைக்கும் கப்பலுக்கும் நடுவில் விழுந்தார். ஒருமுறை மேலே வந்தார். கத்தினார். மீராசா நானாவின் பெயரைச் சொல்லித்தான் கத்தினார்.

மீராசா நானா வத்தையின் ஓரத்தில் நின்றார். கையில் சுற்றிய கயிறு. எறிந்தால் எட்டும். எறியவில்லை. கயிற்றைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் வத்தையின் மற்றத் தலைப்பில் நின்றேன். நடுவில் பெட்டிகள். அதன்மேல் ஏறி விழுந்து வந்தேன். கயிற்றை வாங்கப் போனேன். அவர் விடவில்லை. விரல்களைப் பிரித்து எடுத்தேன். அதற்குள் தண்ணீர் வெறுமையாக இருந்தது. குதித்தேன். கிடைக்கவில்லை. உடம்பு அடுத்தநாள் கிடைத்தது.

நான் விரல் பிரித்ததைக் கப்பல் தட்டில் நின்றவர்கள் பார்த்தார்கள். கரையில் வந்து, தம்பிக்காரன் கயிற்றைப் பறித்தான், தண்டல் கொடுக்கவில்லை என்று சொன்னார்கள். பறிக்கவில்லை, பிரித்தேன் என்று நான் சொன்னேன். யாருக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கும் அதை விளக்கத் தெரியவில்லை.

3

மரண விசாரணை நடந்தது. மச்சாள் முன்வாங்கில் உட்கார்ந்திருந்தார். மடியில் சின்னவன். விசாரித்த ஐயா, மீராசா நானாவிடம் கேட்டார்:

"கயிறு உன்னுடைய கையில் இருந்தது. ஏன் எறியவில்லை?"

மீராசா நானா எழும்பி நின்றார். பிறகு சொன்னார்:

"கை வரல்ல, ஐயா."

"வேறு என்ன நடந்தது?"

"ஒண்டும் நினைவில்ல, ஐயா."

அவ்வளவுதான் அவர் சொன்னது.

கை வரவில்லை என்றால் எங்கள் ஊரில் என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீட்டில் அரிசி இருக்கும், வாசலில் வந்தவருக்கு ஒரு பிடி கொடுக்க மனம் இருக்காது. அவளுக்குக் கை வராது என்போம். மச்சாளுக்கும் அந்தப் பொருள்தான் கேட்டது. அங்கே இருந்த எல்லாருக்கும் அதுதான் கேட்டது. அவருடைய வாயாலேயே சொல்லிவிட்டார், கயிறு இருந்தது, கொடுக்க மனம் வரவில்லை.

தற்செயலான சாவு என்று எழுதினார்கள். அது அரசாங்கத்துக்கு. வெளியே வாசலில் மச்சாள் அவரை மறித்தார். நாங்கள் பிடிக்கமுன் கேட்டுவிட்டார்:

"அந்தக் கயிறு உன்ர வாப்பான்ர சொத்தோ?"

மீராசா நானா தலை குனிந்துகொண்டு போனார். பிறகு துறைமுகப் பக்கம் வரவில்லை. தோப்பூரில் நெல் மூட்டை தைக்கிற வேலைக்குப் போய்விட்டார். துறைமுகத்தில் அவருக்குப் பெயர் வைத்தார்கள். கைவராத மீராசா.

அடுத்த வருஷம் நான் கப்பலில் ஏறினேன். பிறகு இங்கே இறங்கினேன். ஆஸ்பத்திரியில் துணி தோய்க்கிற பகுதியில் வேலை. மேரியும் ஜெனியும் பின்னால் வந்தார்கள்.

ஜெனிக்கு அப்போது ஆறு வயது. அவளுடைய தமிழும் அந்த வயதிலேயே நின்றுவிட்டது. பசி, நோ, கை, கால் எல்லாம் அதில் இருக்கிறது. அதற்குமேல் வேண்டியதை ஆங்கிலத்தில் சொல்வாள். கோபத்தை ஆங்கிலத்தில் சொல்வாள். கவலையையும் அதில்தான். ஆகையால் அவளுடைய கோபமும் கவலையும் எனக்கு அரைவாசிதான் தெரியும். இது அவளுடைய பிழை இல்லை. என்னுடைய ஆங்கிலமும் தோய்க்கிற யந்திரத்தைத் தாண்டிப் போகவில்லை.

4

மீன் பொரிக்கவில்லை. பேக்கரிப் பாண் தின்றோம். ஜெனி தின்னவில்லை.

"எனக்கு வெக்கமா இருக்கு அப்பா. நான் படிக்கிறதே இதுதான்."

"எது?"

"பயம் வந்தா மூளை என்ன செய்யும் எண்டு. எலியை வைச்சுப் பாக்கிறம். சோதினையில எழுதி நல்ல மார்க்ஸ் எடுத்தனான்."

"சொல்லு பாப்பம்."

அவள் பிறந்ததிலிருந்து அவளுடைய படிப்பைப் பற்றி நான் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தொடங்கினாள்.

"மூளை முழுக்க செல்ஸ் அப்பா."

"என்ன, ரோச் லைற்றுக்குப் போடுற செல்லோ?"

மேரி கோப்பை கழுவிக்கொண்டு சொன்னாள். "கலம் எண்டு சொல்லு பிள்ளை. சிஸ்டர் எங்களுக்குக் கலம் எண்டுதான் படிப்பிச்சவ."

"கலம் எண்டால் கப்பல்" என்றேன்.

"அது வேற கலம்."

"என்ன வேற? கலம் கலம்தான்."

ஜெனிக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு முதல் சிரிப்பு. பாண் சுற்றிவந்த கடதாசியை விரித்து ஒரு கலம் கீறினாள். பார்த்தால் கடலில் வழுவழுவென்று மிதக்கும் சொறிமுட்டைபோல இருந்தது. வால் வால்களாக.

"இதுக்கு வெளியில உப்புத் தண்ணி. உள்ளுக்கு உப்புக் குறைவு. தோலில கதவு இருக்கு, பூட்டின கதவு. இதுக்கு ஒரு செய்தி வந்தால் கதவு திறக்கும். உப்பு உள்ள ஓடும். அப்பதான் இது அடுத்ததைக் கூப்பிடும்."

"உப்புத்தண்ணி உள்ள வந்தால் கலம் தாழுமே."

"தாழாது. பிறகு உப்பை வெளிய இறைக்கும்."

"தண்ணி இறைக்கிற பம் வைச்சிருக்கோ?"

"ஓம் அப்பா! பம்தான். நாங்களும் பம் எண்டுதான் சொல்லுறது."

எனக்கு அது பிடித்துக்கொண்டது. உப்புத்தண்ணீருக்குள் நிற்கிற கலம், உள்ளே பம். சரிதான், இது எனக்குத் தெரிந்த சாமான்.

அவள் இன்னொரு கலம் கீறினாள். இரண்டும் முட்டவில்லை. நடுவில் சின்ன வெளி விட்டாள்.

"ஏன் முட்டேல்லை?"

"முட்டாது. இங்க இருந்து மருந்து மாதிரி ஒண்டு, சின்னப் பையளில வந்து, இந்த வெளியைக் கடந்து அங்க இறங்கும். அதுதான் செய்தி."

"வத்தை" என்றேன்.

"என்ன?"

"கப்பல் கரைக்கு வராது. நடுவில வத்தைதான் போய் வரும்."

அவள் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எங்கட ப்ரொபெசர் இதைச் சொல்ல ஒரு மணித்தியாலம் எடுத்தவர் அப்பா." அந்த மனிதருக்கு வத்தை தெரியாது. பாவம்.

பிறகு பயத்தைப் பற்றிச் சொன்னாள். மூளையின் அடியில், பிடரிக்கு உள்ளே, கொஞ்சக் கலங்கள் இருக்கின்றனவாம். சின்னக் கூட்டம். ஆனால் அவற்றின் வால்கள் மூளை முழுதும் போகின்றன. பயம் வந்த கணத்தில் அவை எல்லாம் ஒரே நேரத்தில் கத்தும். எல்லா இடத்துக்கும் ஒரேயடியாக மருந்து இறங்கும். அதிரினலின் வகை.

"நெத்திக்குப் பின்னால இருக்கிற கலங்கள்தான் யோசிச்சு முடிவெடுக்கிறது. இதைச் செய், அதை எறி எண்டு. இந்த மருந்து கொஞ்சமா வந்தால் அதுகள் உசார். அளவுக்கு மிஞ்சி வந்தால் அதுகளின்ர கதை அறுந்துபோகும். ஒண்டு மற்றதோட கதைக்காது."

"எல்லா வத்தையும் ஒரே நேரம் வந்தால் ஒண்டும் இறக்க ஏலாது."

"ஓம். அப்ப நடுவில இருக்கிற பழைய மூளை பொறுப்பெடுக்கும். அதுக்கு யோசிக்கத் தெரியாது. ஓடும், இல்லாட்டி அடிக்கும், இல்லாட்டி விறைச்சு நிற்கும். எலியும் அப்பிடித்தான். நிற்கேக்க சதையெல்லாம் இறுகும். பூனைக்கு அசையிறதுதான் கண்ணில படும். எலிக்கு அது நல்லது. மனுசருக்கு..."

நிறுத்தினாள். தன் கையைப் பார்த்தாள்.

"ஒருத்தரும் விரும்பி நிற்கிறதில்லை அப்பா. மூடு எண்டு நீங்கள் கத்தினது கேட்டது. மூடோணும் எண்டும் தெரிஞ்சது. கைக்குச் சொல்லுறதுதான் நடக்கேல்லை. எல்லாம் படிச்சனான். என்ர கலத்துக்கு நான் படிச்சது தெரியாது."

இன்னொன்றும் சொன்னாள். கொஞ்சம் பிந்தி, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பியிலிருந்து ஓர் ஓமோன் இரத்தத்தில் வருமாம். அதற்குக் கதவு தேவையில்லை. கலத்துக்குள்ளேயே புகுந்து, நடுவில் இருக்கிற கருவுக்குப் போய், அங்கே நடக்கிற வேலையை மாற்றும். அதனால் அந்த நாளில் சிலது அழியாமல் பதியும். சிலது பதியவே பதியாது.

எனக்கு அது விளங்கியது. அண்ணன் விழுந்த இடத்தில் கப்பலின் பக்கத்தில் சிவப்புப் பூச்சு உரிந்து ஒரு மீன்வால் போல இருந்தது. தேயிலை மணம் வந்தது. இரண்டும் இப்போதும் இருக்கிறது. அண்ணனின் முகம் அந்த நேரத்தில் எப்படி இருந்தது என்று கேட்டால் தெரியாது. மீராசா நானாவுக்கு ஒன்றுமே பதியவில்லை. நினைவில்ல ஐயா என்றார். பொய் சொல்கிறான் என்றார்கள்.

"பிறகு அது எப்ப நிற்கும்?" என்று கேட்டேன்.

"அதே ஓமோன் மூளைக்குத் திரும்பிப் போய், போதும், நிப்பாட்டு எண்டு சொல்லும்."

"சொல்லாட்டில்?"

"சில பேருக்குச் சொல்லுறதில்லை."

அப்போதுதான் மீராசா நானாவின் கதையை அவளுக்குச் சொன்னேன். பெரியப்பா கடலில் போனார் என்பதுதான் அதுவரை அவளுக்குத் தெரியும். கயிறு தெரியாது. விசாரணை தெரியாது. அவர் சொன்ன சொல்லைச் சொன்னேன்.

"அப்ப சரிதானே" என்றாள். "கை வரேல்லை எண்டு சொல்லியிருக்கிறார். ஏன் பெரியம்மாவுக்குக் கோவம்?"

நானும் மேரியும் ஒருவரையொருவர் பார்த்தோம். மேரி விளக்கினாள். கை வரவில்லை என்றால் கொடுக்க மனம் இல்லை என்று பொருள், கஞ்சத்தனம் என்று பொருள்.

"அப்பிடியோ? எனக்கு அது தெரியாது. நான் கையைத்தான் சொன்னனான்."

மேரி கழுவிய கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

அவரும் கையைத்தான் சொன்னார். சட்டமும் வாங்குகளும் ஐயாமாரும் முன்னால் இருக்கும்போது, மூதூரில் மூன்றாம் வகுப்புப் படித்த மனுசனுக்கு இருந்த சொல் அவ்வளவுதான். உள்ளதைச் சொன்னார். தமிழ் தெரிந்த நாங்கள் எல்லாரும் பிழையாகக் கேட்டோம். தமிழ் சரியாகத் தெரியாத ஒரு பிள்ளைக்குத்தான் அது சரியாகக் கேட்டது.

5

இதை மச்சாளுக்குச் சொல்லவேண்டும். மீராசா நானா மக்காவுக்குப் போகும் காலம் நெருங்கியிருந்தது. கசெட் அனுப்பினால் போய்ச் சேர வாரக்கணக்காகும். தொலைபேசிதான் வழி. மச்சாள் வீட்டில் தொலைபேசி இல்லை. அவர் இருக்கும் பாலையூற்றிலிருந்து பட்டினத்துக்கு வந்தால் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. கடைக்காரர் எங்கள் கோவில் ஆள். இன்ன நாள், இன்ன நேரம் மச்சாளைக் கடைக்குக் கூப்பிட்டு வையுங்கள் என்று தந்தி கொடுத்தேன்.

அங்கே பின்னேரம் என்றால் இங்கே வேலை நேரம். லீவு கேட்டேன். மேற்பார்வை செய்கிற வெள்ளைக்கார அம்மா படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"காரணம்?"

"குடும்ப அவசரம்."

"யாரும் இறந்துவிட்டார்களா?"

"ஓம். அண்ணன்."

"மிகவும் வருந்துகிறேன். எப்போது?"

"பதினைந்து வருஷம்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, எழுதினார். காரணம்: மரணம். பொய் இல்லை.

தொலைபேசி இணைக்கிற பெண் எந்த நாடு என்றாள். சிலோன் என்றேன். அப்படி ஒரு நாடு பட்டியலில் இல்லை என்றாள். ஸ்ரீலங்கா என்றேன். இரண்டில் எது என்றாள். நான் பிறக்கும்போது அது, இப்போது இது என்றேன். என்னுடைய கடவுச்சீட்டிலும் இந்தக் கரைச்சல் இருக்கிறது. பிறந்த இடத்துக்கு ஒரு பெயர், நாட்டுக்கு வேறு பெயர். ஒவ்வொரு கந்தோரிலும் யாராவது நிமிர்ந்து பார்ப்பார்கள். திருகோணமலையை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னாள். நான் சொன்னதில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜெனி வாங்கிச் சொன்னாள். அவள் அன்றைக்குப் பாடத்துக்குப் போகாமல் வந்து நின்றாள். நான் வரச் சொல்லவில்லை.

6

இரைச்சலுக்கு நடுவில் மச்சாளின் குரல் வந்தது.

"தம்பி! ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை மச்சாள்."

"அப்ப ஏன் கோல் எடுத்தனீ? நெஞ்சு பதறி ஓடி வாறன் நான்."

"மீராசா நானாவைப் பற்றிக் கதைக்க."

 

"அவன் சொல்லியோ எடுத்தனீ?"

"இல்லை. அவருக்கு ஒண்டும் தெரியாது. மச்சாள், விசாரணையில அவர் சொன்னது நினைவிருக்கோ?"

"மறப்பனோ? கை வரேல்லை எண்டான்."

"அவர் கையைத்தான் சொன்னவர். மனசைச் சொல்லேல்லை."

"ஏன், இப்ப இங்கிலாந்தில உனக்குத் தமிழ் படிப்பிக்கிறாங்களோ?"

"நான் சொல்லுறதைக் கேளுங்கோ. மூளையில கலம் எண்டு இருக்காம்..."

"என்ன கலம்? கலத்தில போன மனுசனைப் பறிகுடுத்திட்டு இருக்கிறவள் நான். எனக்குக் கலம் சொல்ல வந்திட்டாய்."

எனக்கு அதற்குமேல் வரவில்லை. குசினி மேசையில் விளங்கியதெல்லாம் போய்விட்டது. ஜெனி என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினாள். நான் காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டேன்.

"பெரியம்மா, நான் ஜெனி."

"என்ர குஞ்சு! சுகமா இருக்கிறியோ? சாப்பிடுறியோ?"

"எங்கட குசினியில நெருப்பு வந்தது பெரியம்மா. சட்டி மூடி என்ர கையில. அப்பா மூடு மூடு எண்டு கத்தினவர். நான் மூடேல்லை."

"ஐயோ மாதாவே. ஏன் பிள்ளை? அப்பாவோட ஏதும் கோவமோ?"

"இல்லை. கை வரேல்லை."

"என்ன?"

"கை வரேல்லை பெரியம்மா. கை, கை. இறுகிப் போச்சு. அப்பா விரலைப் பிரிச்சு மூடியை எடுத்தவர்."

 மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டார்.

"பிள்ளை, அப்பா கத்தினது உனக்குக் கேட்டதோ?"

"கேட்டது."

"நெருப்புத் தெரிஞ்சதோ?"

"எல்லாம் தெரிஞ்சது. எல்லாம் கேட்டது. நான் நினைச்சன், மூடிட்டன் எண்டு. பாத்தால் மூடேல்லை."



"என்ர மனுசன் அண்டைக்கு மீராசா, மீராசா எண்டுதான் கத்தினவர்" என்றார் மச்சாள். "அப்ப அதுவும் அவருக்குக் கேட்டிருக்கும்."

பதினைந்து வருஷமாக மீராசா நானாவை அவன் என்றே சொன்ன மச்சாள் அவர் என்றார். மேலே ஏதோ சொல்லப்போனார். நேரம் முடிந்தது என்று இணைப்புப் பெண் குறுக்கே வந்தாள்.

7

அடுத்த கசெட் வந்தது. கோழி கத்தியது. மச்சாள் மெதுவாகக் கதைத்தார். அதனால் ஜெனிக்கும் விளங்கியது.

"தோப்பூருக்குப் போனனான் தம்பி. என்ர மூத்த மகன்தான் கூட்டிக்கொண்டு போனவன். அந்த மனுசன் சாக்கு தைச்சுக்கொண்டு இருந்தவர். தலையெல்லாம் வெள்ளை. என்னைக் கண்டிட்டு எழும்பினவர், ஊசியைக் கீழ வைக்கவும் இல்லை. நான் சொன்னன், நானா, பொறுக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. அது உங்கட பிழை இல்லையாம். எங்கட ஜெனி படிக்கிறாள். பயத்தில மூளைக்குள்ள ஏதோ கதை அறுந்து போகுமாம், கைக்குச் சொல்லாதாம். நாங்கள்தான் பிழையா விளங்கினது எண்டு.

"அவர் தலையை ஆட்டினார். ஓம் எண்டு ஆட்டேல்லை, இல்லை எண்டு ஆட்டினார். சொல்லுறார், 'தங்கச்சி, அதெல்லாம் எனக்குத் தெரியா. பொறுத்தன் எண்டு சொல்லுங்க.'

"பிழை இல்லாததை எப்பிடி நானா பொறுக்கிறது எண்டன். 'நீங்க பிழை இல்ல எண்டு சொன்னா நான் ஆருட்டப் போய்க் கேக்கிற? அவன் என்ட பேரைச் சொல்லித்தான் கத்தினான். பொறுத்தன் எண்டு சொல்லி என்னை அனுப்புங்க தங்கச்சி' எண்டு அழுதார். மூத்தவன் வெளிய போயிட்டான்.

"அப்ப சொன்னன். பொறுத்தன் நானா எண்டு. பிறகு நானும் கேட்டனான், அண்டைக்கு வாப்பான்ர சொத்தோ எண்டு கேட்டனே, அதுக்கு நீங்களும் என்னைப் பொறுக்கோணும் எண்டு. கண்ணைத் துடைச்சுக்கொண்டு சொல்லுறார், 'வாப்பாக்குச் சொத்தே இல்ல தங்கச்சி. ரெண்டு மாடு இருந்திச்சி. அதுவும் கள்ளன் கொண்டு போயிட்டான்.' இனி என்ன செய்யிறது, சிரிச்சம். அவற்ற பொஞ்சாதி தேத்தண்ணி ஊத்தித் தந்தவ."

ஜெனி கசெட்டை நிறுத்தினாள்.

"அப்ப நான் சொன்னது அவருக்குத் தேவைப்படேல்லை, என்ன?"

"பெரியம்மாவுக்குத் தேவைப்பட்டது."

அவள் யோசித்தாள். பிறகு, கலம் எப்படிக் கத்துகிறது என்று படிப்பிக்கிறார்கள், எப்படி ஓய்கிறது என்று பெரிதாக ஒருவருக்கும் தெரியாது என்றாள். எனக்கு என்ன தெரியும்? ஒருவனுக்குள்ளேயிருந்து போதும் என்ற சொல் வராவிட்டால் வெளியிலிருந்து ஒருவர் வந்து சொல்லவேண்டும் போலிருக்கிறது. அதற்கு ஓமோன் உண்டோ தெரியாது. மேரி, இதைப் போய் உன்ர ப்ரொபெசரிட்டக் கேள் என்றாள். கேட்கிறேன் என்றாள் ஜெனி. இப்போது கிழமை நடுவிலும் எனக்குத் தொலைபேசி எடுக்கிறாள். எலி என்ன செய்தது என்று சொல்வாள். தமிழில் சொல்லப் பார்ப்பாள். நான் ஆங்கிலத்தில் விளங்கப் பார்ப்பேன். இடையில் எங்கேயோ சந்திக்கிறோம்.

மீராசா நானா போனார். திருகோணமலை ஸ்ரேசனில் கொழும்புக்கு ரயில் ஏறினாராம். அவருடைய ஆட்கள் ஒரு பக்கம், மச்சாள் வீட்டார் ஒரு பக்கம் நின்று வழியனுப்பினார்களாம். அதைச் சொன்ன கசெட்டில் மச்சாளின் பேரப்பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கத்தியதில் எனக்குப் பாதி கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டு அனுப்பினேன். பதில் வந்தது.

மச்சாளோடு பதினொரு பேர்.